கீழ்வீட்டுக்காரரின் சிங்கம்

பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் பிளாக்கில் எந்தப் படிவம் வந்தாலும் அது என் வீட்டுக் கதவைத்தான் தட்டியது. குடும்ப ஓய்வூதியம், உயிர்வாழ் சான்றிதழ், ஆதாரில் பிழையான பிறந்த தேதி, தண்ணீர் இணைப்பில் பெயர் மாற்றம் என்று எதுவானாலும் சரி. தில்லி மயூர் விஹாரின் கூட்டுறவுக் குடியிருப்புகளில் லிஃப்ட் எப்போது நிற்கும் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எந்த மனு எந்த அதிகாரிக்கு எந்த வடிவத்தில் போக வேண்டும் என்பது இரண்டாம் மாடிக்காரருக்குத் தெரியும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மத்திய அரசில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்து அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவன் நான். படிவங்கள் என்னைக் கண்டால் தாமாகவே நிரம்பிக்கொள்ளும் என்று என் மனைவி சொல்வாள். அது பாராட்டு இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

பிறகு தரைத்தளத்துக்கு ஒருவர் குடிவந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட மூன்று வயது இளையவர், மனைவியை இழந்தவர், நிறையத் தலைமுடி உள்ளவர். எனக்கு அவர்மேல் பொறாமை. இதை முதல் பக்கத்திலேயே பதிவு செய்துவிடுகிறேன். பின்னால் யாரும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு வாங்க வேண்டாம்.

முதல் அடி ஒரு நவம்பர் மாதத்தில் விழுந்தது. முதல் மாடியில் இருக்கும் பஞ்சாபி அம்மாளிடம், வழக்கம்போல, "சான்றிதழுக்கு எப்போது வருகிறீர்கள்?" என்று கேட்டேன். "அங்கிள்ஜி, நீங்கள் சிரமப்பட வேண்டாம். நீச்சேவாலே பாய்சாப் போனிலேயே செய்துவிட்டார், தோ மினிட்" என்றார். கீழ்வீட்டு அண்ணனாம், இரண்டு நிமிடமாம். நான் அதே வேலைக்கு அவரை மூன்று நாள் அலையவிட்டு, நான்காம் நாள் வெற்றியோடு முடித்துக் கொடுத்தவன். அந்த மூன்று நாளில்தான் என் மரியாதை இருந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது இன்னொன்று. என் மனைவி தன் கைபேசியை எடுத்துக்கொண்டு கீழே போக ஆரம்பித்தாள். "அண்ணாச்சிகிட்ட ஒரு சந்தேகம் கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு மாடி இறங்குவாள். மூச்சிரைப்பு உள்ளவள். நாற்பத்திரண்டு வருடம் சந்தேகம் என்று ஒன்று வந்தால் அது எனக்குத்தான் வந்தது. அவர் அவளை "அம்மிணி" என்று அழைத்தார். அந்தப் பக்கத்தில் அது சகஜமான விளி என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததில் எந்தப் பயனும் இல்லை.

அவருடைய பலம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒருநாள் நானும் கூடவே போனேன். காப்பி கொடுத்தார். நன்றாக இருந்தது. பிறகு தன் கைபேசியில் ஏதோ ஒரு கட்டுரையைப் பாதி படித்துக் காட்டி, எழுந்து போய் மேசைக் கணினியைத் திறந்தார்.

"இங்க பாருங்க சார். போன்ல படிச்சிட்டு இருந்தேனுங்களா? அப்படியே இதுல வந்து நிக்குது பாருங்க."

"அதே பக்கமா அண்ணாச்சி?" என்றாள் என் மனைவி.

"அதே பக்கந்தானுங்க அம்மிணி. ரெண்டுலயும் ஒரே பிரவுசரைப் போட்டு, ஒரே கணக்குல இணைச்சு வெச்சிருக்கறேன். பாஸ்வேர்டும் அதுவே ஞாபகம் வெச்சுக்கும். விளம்பரம் ஒண்ணுகூட வராதுங்க."

அவருடைய பிரவுசரின் அடையாளம் ஒரு சிங்கத்தின் முகம். என் மனைவி அந்தச் சிங்கத்தையும் பிறகு என்னையும் பார்த்தாள்.

"எங்க வீட்டுல இவுக டைரியில எழுதி வச்சு, மறுபடி ஒவ்வொரு எழுத்தா அடிப்பாக. ஒரு எழுத்து தப்பிப் போச்சுன்னா கம்ப்யூட்டர்மேல சத்தம் போடுவாக."

"சார் ஜாக்கிரதைக்காரருங்க" என்றார் அவர், சிரிக்காமல். சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டு நிலவரம் அவள் சொன்னதுதான். கணினியில் அதை வாங்கும்போதே உள்ளே இருந்த பிரவுசர். கைபேசியில் அதனோடு வந்த வேறொரு பிரவுசர். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே அமைச்சகத்தில் அடுத்தடுத்த அறையில் இருக்கும் இரண்டு டிவிஷன்கள் மாதிரி, இது கேட்டதை அது மறுபடி கேட்கும். மனைவியின் கைபேசியிலோ அன்று மாலையே சிங்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. அவரே போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை நான் ஒரு கோப்பைத் திறந்தேன். "பொருள்: மேசைக் கணினிக்கும் கைபேசிகளுக்கும் பொதுவான உலாவி ஒன்றைத் தேர்வு செய்தல்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜக் கோப்பு, நாடா கட்டியது. வலப்பக்கம் கடிதப் பகுதி, இடப்பக்கம் குறிப்புப் பகுதி. கடிதம் எழுத யாரும் இல்லாததால் வலப்பக்கத்தில் இணையத்திலிருந்து அச்சடித்த கட்டுரைகளை வைத்தேன். நல்ல உலாவியாகத் தேர்ந்தெடுத்து, அவளுக்கும் போட்டுக் கொடுத்து, சந்தேகங்களை மறுபடி இரண்டாம் மாடிக்கே வரவழைப்பது என்பதுதான் கோப்பின் நோக்கம். அதைக் குறிப்பில் எழுதவில்லை.

ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். பெயர்கள் எனக்கு நாக்கில் நிற்பதில்லை. அடையாளத்தை வைத்தே எழுதினேன். திசைகாட்டி முதல் சுற்றிலேயே விலக்கப்பட்டது. அது தன் சொந்தக் கம்பெனியின் சாதனங்களில்தான் ஓடும், எங்கள் வீட்டில் அவை இல்லை. மீதி நாலு நிற உருண்டை, நீல அலை, நரி, சிங்கம். ஆறு தகுதிகள் வகுத்தேன். வேகம். தமிழ் எழுத்து உடையாமல் தெரிவது. விளம்பரத் தொல்லை. கணினியும் கைபேசியும் ஒத்துப்போவது. அந்தரங்கப் பாதுகாப்பு. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி. ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே தேர்வுத்தாள்: ஓய்வூதியத் தளம், ரயில் முன்பதிவு, தண்ணீர்ப் பட்டியல், ஒரு தமிழ் நாளிதழ்.

"பிரவுசருக்கா ஒரு மாசம்?" என்றாள் மனைவி. "நம்ம மவளுக்கு மாப்பிள்ளை பாக்கும்போதுகூட இம்புட்டு விசாரிக்கலியே."

"அதான் இப்ப போன்ல கூப்பிட்டா மாப்பிள்ளை எடுக்க மாட்டேங்காரு" என்றேன்.

"அவரு எடுக்காரு. நீங்க கூப்பிட்டாத்தான் எடுக்கல."

நான்கு வாரம் முடிந்து அட்டவணை போட்டேன். ஆறில் ஐந்தில் சிங்கம் முன்னால் நின்றது. கூட்டிப் பார்த்தேன், மறுபடி கூட்டிப் பார்த்தேன். மதிப்பெண் போட்டது நானே என்பதால் யார்மேலும் நடவடிக்கை எடுக்க முடியவில்லை.

பணியில் இருந்த காலத்தில் என்னிடம் வந்த கொள்முதல் கோப்புகளில் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். தகுதி விதிகள் பொருளைப் பார்த்து எழுதப்பட்டிருக்கின்றனவா, அல்லது வேண்டாத ஒருவரை மனத்தில் வைத்து அவர் நுழைய முடியாதபடி எழுதப்பட்டிருக்கின்றனவா? பின்னதாக இருந்தால் வாசனையிலேயே தெரியும். அப்படிப்பட்ட கோப்புகளை எழுதியவர் முகம் வாடும்படியான குறிப்போடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்று பிற்பகல் நான் என் கோப்பில் ஏழாவது தகுதியைச் சேர்த்தேன். "இதே கட்டடத்தில் ஏற்கெனவே பயன்பாட்டில் இல்லாத உலாவிக்கு முன்னுரிமை அளிக்கப்படும். ஒன்றில் கோளாறு நேர்ந்தால் மற்றது துணை நிற்கும்." இதற்கு நாற்பது மதிப்பெண். நரி வென்றது.

நல்ல உலாவிதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது எந்த வழியில் வென்றது என்று அதற்குத் தெரியாது.

கணினியில் நரியைப் போட்டேன். என் கைபேசியில் போட்டேன். மனைவி வாரச் சந்தைக்குப் போயிருந்தாள். அவள் கைபேசி சார்ஜில் கிடந்தது. அதன் பூட்டு எண் நான் வைத்துக் கொடுத்ததுதான். சிங்கத்தை நீக்கினேன். நரியை ஏற்றினேன். மூன்று சாதனங்களையும் என் பெயரில் உள்ள ஒரே கணக்கில் இணைத்தேன். தலைமை அலுவலகம், வட்டார அலுவலகம், கிளை அலுவலகம். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம். கீழ்வீட்டுக்காரருக்கு இவ்வளவு நேரம் ஆகியிருக்காது என்ற நினைப்பைத் தவிர மனத்தில் வேறு எந்த உறுத்தலும் இல்லை.

அவள் வெந்தயக் கீரையும் முள்ளங்கியுமாக வந்து, தண்ணீர் குடித்து, கைபேசியை எடுத்தாள்.

"இதுல இருந்த சிங்கம் எங்க?"

"மாத்தியாச்சு. இனிமே மூணுலயும் நரிதான். முறையாப் பரிசீலிச்சு எடுத்த முடிவு."

"யாருகிட்ட கேட்டு மாத்துனிய?"

"கோப்புல எல்லாம் எழுதியிருக்கு. படிச்சுப் பாரு."

அவள் கைபேசியைக் கீழே வைத்தாள். பிறகு கீரையை ஆய உட்கார்ந்தாள். குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் எனக் கொள்ளப்படும் என்று எழுதும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் உண்டு. அவள் மௌனத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். "ஏங்க, இதுல எழுத்தை எங்க பெருசாக்கணும்?" என்று கேட்டாள். எழுந்து போய்ச் செய்து காட்டினேன். "மூடுன பக்கத்தை மறுபடி எப்படித் திறக்க?" அதையும் காட்டினேன். தேவைக்கு அதிகமாகவே விளக்கியிருப்பேன். அவள் கீழே இறங்கவில்லை. பால்கனியிலிருந்து பார்த்தபோது அவர் தனியாக நின்று துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை நான் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை கணினியைத் திறந்தேன். திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல் இருந்தது. இணைக்கப்பட்ட மற்ற சாதனங்களில் திறந்திருக்கும் பக்கங்கள். என் கைபேசியின் கீழே தமிழ் நாளிதழ். அவள் கைபேசியின் கீழே மூன்று பக்கங்கள். முதலாவது, கோயம்புத்தூரில் முதியோருக்கான குடியிருப்பு ஒன்று. சாப்பாட்டுக் கூடம், மருத்துவர், நடைபாதை. இரண்டாவது, தில்லியிலிருந்து கோயம்புத்தூருக்கு ரயில்கள். மூன்றாவது, அதே குடியிருப்பின் பக்கம்: "குளிர்காலத் தங்கல், நான்கு மாதம். ஒருவருக்கான அறை."

ஒருவருக்கான அறை. அதுவும் கோயம்புத்தூரில். எங்கள் ஊர் திருநெல்வேலி. கோயம்புத்தூரில் எங்களுக்கு ஒரு நாதியும் கிடையாது. அவருக்குத்தான் இருந்தது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். தீபாவளி முடிந்ததும் தில்லியின் வானம் சாம்பல் நிறமாகும். தை முடியும்வரை அவள் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். மூன்று வருடமாக, "அந்த நாலு மாசம் மட்டும் தெக்க எங்கயாச்சும் போயிட்டு வருவமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் வருடம் பார்க்கலாம் என்றேன். இரண்டாம் வருடம் பரிசீலிக்கலாம் என்றேன். மூன்றாம் வருடம், "நவம்பர் சான்றிதழ் மாசம். நான் போயிட்டா இந்த பிளாக்குல யாரு செஞ்சு குடுப்பா?" என்று கேட்டேன். யார் செய்து கொடுப்பார் என்பதற்கு அதற்குள் விடை கிடைத்துவிட்டிருந்தது. அவள் கோரிக்கையை மட்டும் நான் மறுபடி எடுக்கவில்லை.

அந்தப் பட்டியலை அச்சடித்தேன். ஆவணம் கையில் இல்லாமல் விசாரணை நடத்துவது என் வழக்கமல்ல. சமையலறைக்குப் போனேன். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். தாளை மேடைமேல் வைத்தேன்.

"இது என்ன?"

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "நான் பாத்த பக்கம். உங்க கம்ப்யூட்டருக்கு எப்படி வந்துச்சு?"

"அதை விடு. ஒருவருக்கான அறைன்னு போட்டிருக்கு. யாருக்கு?"

"எனக்கு."

"கோயம்புத்தூர்ல யாரு இருக்கா உனக்கு?"

அவள் அடுப்பை அணைத்தாள். கைபேசியை எடுத்தாள். "நேத்து நான் கோயம்புத்தூருன்னு அடிச்சேன். அடிச்சு முடிக்க முந்தியே கீழ ஒண்ணு வந்து நின்னுச்சு. நீங்க எதையோ தேடுனது. வாசிக்கட்டுமா?"

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

"'கோயம்புத்தூர்க்காரர்கள் நம்பகமானவர்களா.' இது ஒண்ணு. அப்புறம் 'மனைவி கைபேசியிலிருந்து செயலியை நீக்குவது எப்படி'. இது ரெண்டு. இன்னொண்ணு இருக்கு, அதை வாசிக்க எனக்கே வெக்கமா இருக்கு."

முப்பத்தாறு ஆண்டுகள் காகிதம் கீழிருந்து மேலே வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். கிளை அலுவலகம் அறிக்கை அனுப்பும். தலைமை அலுவலகம் படிக்கும். தலைமை அலுவலகத்தின் குறிப்புகள் கிளை அலுவலகத்துக்குப் போகும் என்று எந்த விதியிலும் இல்லை. சாதனங்களின் ஒத்திசைவு பற்றி எத்தனையோ கட்டுரைகளை அச்சடித்துக் கோப்பில் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் என் பக்கத்தில் நின்றுகொண்டே படித்திருக்கிறேன்.

"என் பக்கம் உங்களுக்கு வந்தா, உங்க பக்கம் எனக்கு வராதா?" என்றாள். "பெரிய ஆபீசரு."

"நீ அவருகிட்டப் போய்க் கேட்டது இதுக்குத்தானா?"

"வேற எதுக்கு? அவுக ஊரு அது. எந்த இடம் நல்ல இடம்னு அவருக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? உங்ககிட்டக் கேட்டேன், மூணு தடவை. மூணு தடவையும் நிலுவையில வச்சிட்டிய. மூச்சு நிலுவையில நிக்குமா?"

அப்போதும், வெட்கத்தோடு எழுதுகிறேன், மனத்தில் முதலில் வந்தது அவள் மூச்சு அல்ல. இத்தனை நாள் கீழ்வீட்டில் இவர்கள் இதையெல்லாம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல் ஒரு தீர்மானமே உருவாகியிருக்கிறது என்பதுதான் வந்தது.

"முதல்ல என் போன்ல இருந்து உங்களை எடுங்க" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். இணைப்பது எப்படி என்று படித்திருந்தேனே ஒழிய, விலகுவது எப்படி என்று படித்திருக்கவில்லை. அமைப்புகள் என்ற பகுதிக்குள் போய், அங்கிருந்து எங்கோ போய், கடைசியில் திரை முழுவதும் கறுப்பாகிவிட்டது. அது இரவுத் தோற்றம் என்று பிறகு தெரிந்தது. அவள் கைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு அவரை அழைத்தாள்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் மேல வாங்களேன்."

லிஃப்ட் ஓடவில்லை. படியேறி வந்தார். கையில் மூக்குக்கண்ணாடி. என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பொறாமைப்படுவதற்கு இந்தக் குணம் ஒன்றே போதும். அவள் கைபேசியை நீட்டினாள். நாலு தட்டில் நான் அதிலிருந்து வெளியேற்றப்பட்டேன். அவள் பெயரில் தனிக் கணக்கு ஒன்று திறந்து, புதிய பூட்டு எண்ணை அவளையே போடச் சொல்லி, அந்த நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"நரியே இருக்கட்டுங்களா, பழையபடி சிங்கத்தைப் போட்டுரட்டுங்களா அம்மிணி?"

"நரியே இருக்கட்டும் அண்ணாச்சி. எழுத்து இதுல கண்ணுக்கு இதமா இருக்கு."

ஒரு கணம் எனக்குள் பட்டாசு வெடித்தது. என் தேர்வு. அவர் முன்னிலையிலேயே. எழுத்துப் பிரிவில் மட்டும் நரி முதலிடம் என்று என் அட்டவணையிலும் இருந்தது. போய் எடுத்துவந்து காட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

"ரூம் பதிவு பண்ற பக்கத்தை எடுத்துக் குடுங்க அண்ணாச்சி" என்றாள் அவள் அடுத்து. "இன்னைக்கே போட்டுருவோம். நல்ல ரூமெல்லாம் போயிரும்னு நீங்கதான சொன்னிய."

அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் பெயர் அடித்தாள், வயது அடித்தாள், மாதம் அடித்தாள். விரல் ஒரு கட்டத்தின்மேல் நின்றது. எத்தனை பேர் என்று கேட்டது. அவள் தலை நிமிராமல் என்னிடம் கேட்டாள்.

"ஒண்ணா, ரெண்டா?"

அவர் சுவரிலிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

இதற்கு நான் எழுதியிருக்கக்கூடிய பதில்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பரிசீலனையில் உள்ளது. மகளின் கருத்தைப் பெற வேண்டும். வீட்டைப் பூட்டிவைப்பது குறித்துத் தனியாக முடிவெடுக்கப்படும். நான் அவளைப் பார்த்தேன், காலண்டருக்கு முன் நிற்கும் அந்த நிறையத் தலைமுடியைப் பார்த்தேன்.

"ரெண்டு" என்றேன்.

எதனால் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் இரண்டு என்று அடித்தாள். கொஞ்சம் வேகமாகவே அடித்தாள்.

"ரொம்ப நல்லதாப் போச்சுங்க சார்" என்றார் அவர், காலண்டரிலிருந்து திரும்பி. முகம் நிஜமாகவே மலர்ந்திருந்தது. "தையில நானும் எங்க அண்ணன் ஊட்டுக்கு வருவேனுங்க. அங்கிருந்து உங்க இடம் கூப்பிடு தூரந்தான். தினமும் சாயங்காலம் வந்துருவேன். நாம மூணு பேரும் நடந்துட்டு வரலாமுங்க."

"கட்டாயம் வாங்க அண்ணாச்சி" என்றாள் அவள். "இருங்க, தோசை ஊத்துதேன்."

தையில் எந்தத் தேதி வருகிறார் என்று கேட்டேன். இன்னும் முடிவாகவில்லை என்றார். முடிவானதும் எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டேன்.